காற்றுக்கு ஒரு கண்

செப்டம்பர் 3, செவ்வாய்

தங்கை வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள். மருத்துவமனையில் பத்தொன்பது நாள் படுத்தது போதாதென்று இங்கேயும் படுத்தே கிடக்கிறேன். நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் மூச்சு இன்னும் சரியாக வந்து உட்காரவில்லை. பத்தடி நடந்தால் நின்று சுவரைப் பிடிக்கிறேன். என் அறையோ நான்காவது மாடியில், லிஃப்ட் கிடையாது. "அங்க ஏறிப் போனீங்கன்னா நேரா திரும்ப இங்கதான் வருவீங்க" என்றார் டாக்டர். தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணிகளை மூட்டை கட்டிவிட்டாள்.

எனக்குக் கொடுத்திருப்பது பின்னறை. மேஸ்திரியின் சாமான் அறை. சிமெண்ட் மூட்டைகள், பலகைகள், சட்டிகள் எல்லாவற்றையும் கொல்லைப்பக்கம் தள்ளிவிட்டு, மூன்று முறை கழுவி, கட்டில் போட்டிருக்கிறார்கள். நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு ட்யூப்லைட். ஜன்னல் இல்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் சொந்த வீட்டில் ஓர் அறைக்கு ஜன்னல் வைக்க மறந்திருக்கிறார். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சிரித்தால் இருமல் வருகிறது.

மேஸ்திரி என்று எழுதுகிறேன். என் தங்கையின் கணவர். முறைப்படி எனக்கு மாப்பிள்ளை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. "வந்தாச்சா", "சாப்பிட்டாச்சா", "கிளம்பியாச்சா" என்று எல்லாவற்றையும் ஆச்சாவிலேயே ஓட்டிவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

அகராதி ஆசிரியர் போன் செய்தார். உடம்பைப் பற்றி நாலு வார்த்தை, டபிள்யூ எழுத்தைப் பற்றி நாற்பது வார்த்தை. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்–தமிழ் அகராதி. பக்கத்துக்குப் பக்கம் 'சொல் பிறந்த கதை' என்று ஒரு சின்னக் கட்டம், அது என் பொறுப்பு. ஏ முதல் வி வரை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "படுத்துக்கிட்டே எழுதலாமே சார்" என்கிறார். இந்த மனிதருக்கு நான் செத்தால்கூட முன்னுரையை முடித்துவிட்டுச் சாகவேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

'விண்டோ' பார்த்தேன். தினமும் வாயில் வருகிற சொல். ஜன்னல் இல்லாத அறையில் படுத்துக்கொண்டு ஜன்னலைப் பற்றி எழுதுவது என் தலையெழுத்து.

அது ஆங்கிலத்தில் பிறந்த சொல்லே இல்லை. வடக்கிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'விண்டௌகா'. விண்ட் காற்று, ஔகா கண். காற்றின் கண்! ஆங்கிலேயர்கள் அதற்கு முன்பு வேறு சொல் வைத்திருந்தார்கள், கண்–துளை என்று. வந்த சொல் இருந்த சொல்லைத் துரத்திவிட்டது.

மத்தியானம் மேஸ்திரி சூப் கொண்டுவந்தார். வைத்துவிட்டுப் போகாமல் என் காகிதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். வேறு யாரிடமும் சொல்ல ஆள் இல்லாததால் உற்சாகமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் உடனே, "கண்ணாடி இல்லாத காலத்துல வச்ச பேரா இருக்கும் மச்சான். கூரையில ஓட்டை போட்டிருப்பான். உள்ள அடுப்பு எரியுது, புகை போகணும், காத்து வரணும். வெளிச்சமெல்லாம் அப்புறம்தான்" என்றார்.

புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது, ஆதியில் அது கண்ணாடியில்லாத வெறும் கூரைத் துளை என்று. நான் இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்ததை இவர் சூப் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"நீங்க அர்த்தம் என்னன்னு போட்டிருக்கீங்க?"

படித்துக் காட்டினேன்: வெளிச்சமும் காற்றும் வருவதற்காகச் சுவரில் அமைக்கப்படும் திறப்பு.

"காத்த முன்னால போடுங்க" என்றார். நான் மாற்றினேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கிழக்குச் சுவரை, மேலும் கீழுமாக. பிறகு போய்விட்டார்.

செப்டம்பர் 9, திங்கள்

எழுதாமல் இருக்க முடியவில்லை. இதை எங்காவது இறக்கி வைக்கவேண்டும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் சாயங்காலம் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்பதாக இருந்தது. அப்பா இல்லை, வீட்டுக்குப் பெரியவன் நான். அவர் வருவதற்கு முன்பே தங்கையை நிற்கவைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "கல்லும் மண்ணும் தூக்குறவனுக்குக் குடுக்கவா உன்னைப் படிக்க வச்சேன்? நம்ம வீட்டுப் படி ஏற அவனுக்கு என்ன தகுதி இருக்கு?" இன்னும் இரண்டு வார்த்தை சொன்னேன். அவற்றை இங்கேயும் எழுதமாட்டேன். அன்று அவர் வரவே இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அழைத்தாள். புரூஃப் பார்க்கிற வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எட்டு வருடம் பேச்சில்லை, போக்குவரத்து இல்லை. அம்மா போனபோது இரண்டு பேரும் வந்து நின்றார்கள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த ஆச்சா.

நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. தங்கை சொல்லியிருக்கமாட்டாள், அவள் அப்படிப்பட்டவள். தெரியாமல்தான் சூப் கொண்டுவந்து வைக்கிறார், ஆற்றி வேறு வைக்கிறார். தெரிந்தால் வைப்பாரா? சொல்லாமல் குடிப்பது திருட்டுத்தனம் மாதிரி இருக்கிறது. இந்த வீட்டைவிட்டுப் போவதற்குள் அவரிடம் நேராகச் சொல்லிவிடவேண்டும்.

சொல்வேனா நான்?

செப்டம்பர் 12, வியாழன்

சொல்ல வாய் வராது, எழுதித் தந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் படி இரண்டு பக்கம். 'தகாத' என்பதா 'தகுதியற்ற' என்பதா என்று யோசித்ததில் மத்தியானம் போய்விட்டது. இரண்டாவது படி ஒன்றரைப் பக்கம். வாக்கிய அமைப்பு சரியில்லை.

செப்டம்பர் 14, சனி

நாலாவது படியைத் தங்கை பார்த்துவிட்டாள். தலையணைக்கடியில் வைத்திருந்தேன், உறை மாற்ற வந்தவள் எடுத்துவிட்டாள். முழுக்கப் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, மன்னிப்புக் கேக்குற கடுதாசியில யாராவது சிவப்பு மையால திருத்துவாங்களா? ஓரத்துல கேள்விக்குறி வேற போட்டிருக்க!"

"அச்சுக்குப் போறதுக்கு முன்னால..." என்று ஏதோ உளறினேன்.

"வாயத் தொறந்து பேசித் தொலைண்ணா. அவர் என்ன உன்ன கடிச்சா தின்னுடுவாரு?" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டுப் போனாள்.

பேசவில்லை. இன்று மேஸ்திரி மூன்று முறை அறைக்குள் வந்தார். மூன்று முறையும் நான் கேட்டது "சாப்பிட்டாச்சா?"

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் சாக்கட்டி, மட்டம் பார்க்கிற ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "டாக்டர் காத்தோட்டம் வேணும்னாரு. இந்தச் சுவத்துல ஒண்ணு போட்டுரலாம்" என்றார். எனக்காக வீட்டுச் சுவரை உடைக்கவேண்டாம், பத்து நாளில் போய்விடுவேன் என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தரையிலிருந்து மூன்றடியில் ஒரு கோடு, ஏழடியில் ஒரு கோடு. நிமிடத்தில் கட்டம் போட்டுவிட்டார். கை பழகிய அளவு. இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க படுத்துதான இருக்கீங்க" என்றார். "கொஞ்சம் எந்திரிங்க மச்சான்."

எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என் கட்டிலில் ஏறி நீட்டிப் படுத்துவிட்டார். என் தலையணையில் தலை. விரிப்பு அழுக்காகுமே என்று பாதங்களை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டார். அசையாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கருந்து பாத்தா எதிர்வீட்டு டேங்க்தான் தெரியும். அதப் பாத்துக்கிட்டு ஒரு மனுசன் எத்தன நாள் படுத்துக் கெடப்பான்?" என்று சொல்லி, தங்கையைக் கூப்பிட்டார். அவள் கையில் சாக்கட்டி. இவர் படுத்தபடியே விரலை நீட்டி, "கீழ... இன்னும் கீழ... ஆங், அங்க போடு."

அளந்தாள். ஒன்றே முக்கால் அடி.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "முப்பது வருசமா ஜன்னல் வைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக்கூட வச்சிருக்கேன். எல்லாத்தையும் நின்னுக்கிட்டே அளந்துட்டேன் பாருங்க" என்றார். முகம் வாடிவிட்டது. பழைய கோட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்தார்.

அவர் போனபிறகு அந்தக் கட்டிலில் படுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. என் அளவுக்காக வேறொருவர் படுத்துப் பார்த்தது என் வாழ்க்கையில் இதுவரை நடந்ததில்லை.

செப்டம்பர் 18, புதன்

ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற லிண்டலைக் கொல்லையில் வார்த்து வைத்திருக்கிறார். ஒரு வாரம் ஈரம் காயக்கூடாதாம். காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. கொல்லைவரை நடக்கிறேன், நாற்பத்திரண்டு அடி. சுவரை ஒருமுறைதான் பிடித்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று சுவரை வெட்டினார். தூசி எனக்கு ஆகாது என்று என்னை ஹாலில் உட்காரவைத்து, பின்னறை வாசலில் ஈரப் போர்வை தொங்கவிட்டார். அடிக்கு ஒருமுறை சுவரில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வெட்டினார். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை, எனக்காக நாலு மணி நேரம். லிண்டல் உட்காருவதற்கு நீளமாக ஒரு பள்ளம், அவ்வளவுதான் இன்றைக்கு. திறப்பு அடுத்த வாரம்.

ஹாலில் உட்காரச் சொன்னால் நான் உட்காருகிற ஆளா? போர்வை ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். அவர் குனிந்து உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே ஒரு செங்கல் பாதி வெளியே வந்து நின்றது. நின்றது என்றா சொன்னேன்? நகர்ந்தது.

"மாப்பிள்ள! தலை!"

சட்டென்று ஒதுங்கினார். செங்கல் அவர் குனிந்திருந்த இடத்தில் விழுந்து இரண்டாக உடைந்தது. கத்தினதில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தங்கை தண்ணீரோடு ஓடிவந்தாள். அவர் அந்தச் செங்கலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தூசி மச்சான். உள்ள போங்க."

அதற்குப் பிறகு மாலைவரை வேலை செய்துகொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினார். தங்கை சமையலறையில் வெங்காயம் நறுக்காமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யோசித்துக் கூப்பிட்டிருந்தால் இந்த ஜென்மத்தில் கூப்பிட்டிருக்கமாட்டேன். அந்தச் செங்கலுக்குக் கோடி வணக்கம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

உளி மறுபக்கம் போய்விட்டது. பத்தேகால் மணிக்கு. முதலில் விரல் நுழையாத ஒரு துளை. அதில் வெளிச்சம் தெரிவதற்கு முன்பே போர்வை லேசாக அசைந்தது. காற்றுதான் முன்னால். மாப்பிள்ளை சொன்னது சரி.

பழைய ஆங்கிலத்தின் கண்–துளையில் துளை என்பதற்கு 'தைரல்'. அந்தச் சொல்தான் 'நாஸ்ட்ரில்'லின் வாலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மூக்கின் துளை. 'த்ரில்' என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுவும் அதே குடும்பம், முதலில் துளைப்பது என்றுதான் பொருள். இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"அப்ப மூக்குக்கும் ஜன்னலுக்கும் ஒரே மேஸ்திரின்னு சொல்லுங்க" என்றார்.

சிரித்தேன். இருமல் வரவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

நம் 'ஜன்னல்' மட்டும் என்ன, அதுவும் கப்பலில் வந்ததுதான். போர்த்துகீசியரின் 'ஜனெலா'. லத்தீனில் அதன் அடி 'சின்னக் கதவு'. பழந்தமிழில் 'காலதர்' என்று இருந்தது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. நார்ஸ்காரர்களும் நாமும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே காற்றை வைத்துத்தான் பெயர் சூட்டியிருக்கிறோம். இரண்டு ஊரிலும் பெயர் வைத்தவர்கள் கொத்தனார்களாகத்தான் இருக்கவேண்டும், என்னைப் போன்றவர்களாக இருக்காது.

கடிதம் இன்னும் சட்டைப் பையில்.

அக்டோபர் 6, ஞாயிறு

சட்டம் வைத்து, கம்பி வைத்து, பூசி முடித்தார். ஒரு வாரமாக ஹாலில் தூங்கியவன் இன்று என் கட்டிலுக்குத் திரும்பினேன்.

படுத்தேன். தெரு தெரிகிறது. எதிர்வீட்டுக் கொடியில் மூன்று சட்டை காய்கிறது. ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறாள். மதில்மேல் ஒரு பூனை தன் வாலையே சந்தேகமாகப் பார்க்கிறது. தலையைத் தூக்காமலேயே எல்லாம் தெரிகிறது. காற்று நெஞ்சின்மேல் வருகிறது.

நான் கொடுத்துவைத்தவன். இப்படி எழுதி எத்தனை வருடம் ஆயிற்று!

இனி சாக்குப்போக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த ஞாயிறு.

அக்டோபர் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அவர் கொல்லையில் சிமெண்ட் பூசுகிற கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், கவிழ்த்து வைத்திருந்த சட்டியின்மேல் உட்கார்ந்தேன். கடிதத்தை எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"மாப்பிள்ள, அன்னிக்கு நீங்க வரதா இருந்த அன்னிக்கு, நான் உங்களப் பத்தி ரொம்பக் கேவலமா பேசிட்டேன். உங்களுக்குத் தெரியாது."

அவர் தலை நிமிரவில்லை. "தெரியும் மச்சான். நான் வாசல்லதான் நின்னேன். ஒரு செருப்பு கழட்டியாச்சு. அப்படியே மாட்டிக்கிட்டுத் திரும்பிட்டேன்."

இருபத்திரண்டு வருடம்! அம்மா போன அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாளும் வேலை முடிந்து நேராக வந்தவர். எல்லாம் தெரிந்தே.

"மன்னிச்சிருங்க" என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது. நாலு படியிலும் அது இல்லை என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அவர் கரணையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், காய்ந்த கையை.

"நானும் ஒண்ணு சொல்லணும். இந்த வீட்டக் கட்டும்போது உங்க தங்கச்சி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. பின்னால ஒரு ரூம் போடுங்க, எங்கண்ணன் என்னைக்காவது வந்தா தங்கட்டும்னா. போட்டேன். ஆனா ஜன்னல் வைக்கல. வந்தா வேகட்டும்னுதான் வைக்கல. மறந்தேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டேன். எந்தக் கொத்தனாராவது ஜன்னல மறப்பானா மச்சான்?"

அவர் கீழே வைத்த கரணையைத் திரும்ப எடுத்தார்.

"ஒரு மாசம் அவ எங்கூடப் பேசல. அப்புறம் சாமானப் போட்டு ரொப்பிட்டேன். கோபமெல்லாம் எப்பவோ போயிருச்சு, சுவரு மட்டும் நின்னுக்கிட்டிருந்துச்சு. நீங்க மூச்சுக்குத் திணறிக்கிட்டு அந்த ரூமுல வந்து படுத்தீங்க பாருங்க... எனக்கு அஞ்சு நாளா சோறு எறங்கல. நீங்க என்னடான்னா காத்தோட கண்ணுன்னு என்கிட்டயே கத சொல்றீங்க."

கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எதை முன்னால் விடுவது என்று தெரியாமல் சட்டியின்மேல் உட்கார்ந்திருந்தேன். தங்கை வாசற்படியில் இரண்டு டம்ளர் டீயோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, டீ ஆறிப்போயிருந்தது.

"ரெண்டு பேரும் பேசியாச்சா?" என்றாள்.

அக்டோபர் 14, திங்கள்

பத்து மணிவரை தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

'விண்டோ' கட்டத்தை அனுப்பினேன். நாற்பது சொல்லுக்கு மேல் போகக்கூடாது என்று ஆசிரியர் கறார். கூரைத் துளை, நார்ஸ், காற்று, கண், அவ்வளவுதான் அதில் இடம். போன் செய்தார். "வழக்கமா வெளிச்சத்தைத்தானே சார் முதல்ல போடுவோம், நீங்க காத்தை முன்னால போட்டிருக்கீங்களே?" என்றார். வீட்டில் ஒரு நிபுணர் இருக்கிறார், அவரைக் கேட்டுத்தான் போட்டேன் என்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார்.

நவம்பர் 21, வியாழன்

நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், இனி மாடி ஏறலாம் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். தங்கை "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். மாப்பிள்ளை, "உங்க ரூமுல புத்தகம் எத்தன பொட்டி தேறும்?" என்று கேட்டார். அங்கே இருக்கிற புத்தகத்தை எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நவம்பர் 24, ஞாயிறு

பதினொரு பெட்டி. நாலு மாடி. பத்துப் பெட்டியை மாப்பிள்ளை தோளில் ஏற்றி இறக்கினார், ஒவ்வொன்றையும் வைக்கும்போது "இதுல என்ன மச்சான், செங்கல்லா?" என்று கேட்டுக்கொண்டே. மாடியறைச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன், இனி எனக்குப் பின்னறைதான்.

கடைசிப் பெட்டி அகராதிகள், இருப்பதிலேயே கனம். வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு பக்கம் பிடித்தேன். படிக்குப் படி நின்று, அவர் பின்னால் இறங்க நான் முன்னால் இறங்க, நாலு மாடியும் தூக்கிக்கொண்டு வந்தோம்.